தும்மலோடு வந்த தாய்மாமன்

நாகஜோதிக்குத் தாய் வீடு என்று மிச்சமிருந்தது காரியாபட்டி அண்ணன் ஜெயபாண்டி ஒருவர்தான். அந்த அண்ணனைத்தான் அவள் வாசலோடு திருப்பி அனுப்பினாள்.

மகள் ரோஷினி ஏழாம் மாதத்திலேயே பிறந்தவள். மதுரை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து பிழைத்தவள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார்.

"மழைக்காலம் முடியுறவரைக்கும் சளி, இருமல் இருக்கிற யாரையும் பக்கத்துல விடாதீங்க. நமக்கு அது வெறும் தும்மல். இவளுக்கு மூச்சையே அடைச்சிரும்."

சொல்லிவிட்டார். அவள் வாழ்க்கைப்பட்ட பாளையம்பட்டியில் யார் கேட்பது? பிள்ளை பார்க்க வந்தால் தூக்கி, முத்தம் கொடுத்து, கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனால்தான் இங்கே வந்ததாகக் கணக்கு. ஐப்பசி மழை இறங்கியதும் நாகஜோதி கதவைச் சாத்தினாள். புருஷன் ராஜபாண்டி வடக்கே லாரியில் லோடு ஏற்றிப் போயிருந்தான்.

தொட்டில் கட்டப் புதுச்சேலையும் வெள்ளி அரைஞாணும் எடுத்துக்கொண்டு ஜெயபாண்டி வந்தது அப்போதுதான். படியேறும்போதே தும்மினார்.

"அண்ணே, அங்கயே நில்லுங்க. சளி போனதும் வாங்க."

"ஏத்தா, நான் தாய்மாமன்."

"யாரா இருந்தாலும் அதேதாண்ணே."

பையைக் கதவுக் கொண்டியில் மாட்டிவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் அவர் பஸ்ஸுக்கு நடந்தார்.

தாய்மாமனையே விரட்டியவள் என்று தெரு பேசியது. பிறகு ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. கதவைச் சாத்தியது அவள்தான். ஆனாலும் யாராவது வந்து தட்டமாட்டார்களா என்று ஏக்கமாக இருந்தது. அண்ணன் போன் செய்யவில்லை. இவளுக்கும் துணிச்சல் வரவில்லை. குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துப் பார்த்தே மழைக்காலத்தைக் கழித்தாள்.

மாசி பிறந்ததும், இனி வெளியே தூக்கிப் போகலாம் என்றார் டாக்டரம்மா. திருச்சுழிப் பக்கம் குலசாமி கோயிலில் மொட்டையெடுத்துக் காது குத்த வேண்டும். அதற்குத் தாய்மாமன் மடி வேண்டுமே. காலில் விழுந்தாவது கூப்பிடுவது என்று குழந்தையோடு காரியாபட்டிக்குப் பஸ் ஏறினாள்.

வாசலில் கால் வைக்குமுன் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அங்கயே நில்லுத்தா."

செய்ததற்குக் கிடைத்தது என்று நினைத்தாள். திரும்பிப் போகக் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"எங்க போற?"

ஜன்னலில் ஜெயபாண்டி நின்றார். மூக்கையும் வாயையும் துண்டால் இறுகக் கட்டியிருந்தார்.

"நேத்துல இருந்து இருமலு. சரியானதும் நானே வாரேன். இப்பப் பிள்ளை முகத்த மட்டும் காட்டு."

அவள் குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். மழைக்காலம் முழுக்க அழாதவள், அந்தத் தெருவில் நின்று அழுதாள்.