டவுன் வண்டி

வெள்ளையம்மாவுக்குப் பயம் புதிதில்லை. பதினெட்டு வயதில் ரப்பர் மலையில் பால்வெட்டுக்குப் பேர் பதிந்த நாள் முதல் பாம்புக்கும் கங்காணிக்கும் பயந்து பழகியவள். அதெல்லாம் கண்ணில் படுகிற பயம், கண்டால் விலகிக்கொள்ளலாம். ஐம்பது வயதில், முழங்கால் மலை ஏற மறுத்த பிறகு, ரயில் கேட்டுக்கு வேலைக்கு வந்தாள். இங்கே எல்லாவற்றையும் காதால் கேட்டுப் பயப்பட வேண்டியிருந்தது.

கேகாலைப் பக்கம், ரயில் பாதை மலையேறத் தொடங்கும் இடத்தில், தோட்டத்து ரோடு தண்டவாளத்தைத் தாண்டுகிறது. ஒரு தகரக் கொட்டில், கயிறு கட்டிய இரும்புக் கம்பம், சிவப்புக் கொடி, ஒரு போன். இரண்டு பக்கமும் வளைவு. வண்டியைப் பார்த்த பிறகு கம்பத்தை இறக்கினால் பிந்திவிடும்.

கீழ் ஸ்டேஷனிலிருந்து வருகிற வண்டிக்கு நாலு நிமிஷம். மேலே டவுன் பக்கத்திலிருந்து மெதுவாக இறங்கி வருவதற்குப் பதினொரு நிமிஷம். எதுவானாலும் கீழ் ஸ்டேஷன் மாஸ்டர்தான் போனில் சொல்வார். "பஹளின்" என்றால் கீழேயிருந்து. அந்த நொடியே கம்பத்தை இறக்குவாள். "உடின்" என்றால் மேலேயிருந்து. ரோட்டில் நிற்கிறவர்களை அனுப்பிவிட்டு இறக்குவாள். மூன்று வருஷம் அப்படித்தான் போனது.

பிறகு சுற்றறிக்கை வந்தது. கொழும்பில் பெரிய கூட்டம் கூடி, பயணிகளின் பாதுகாப்புக்காக நாடு முழுக்க ஒரே முறை, ஒரே சொல் என்று முடிவாகியிருந்தது. ஒரு ஐயா வந்து சிங்களத்தில் வேகமாக வாசித்தார். இனி போனில் 'அப்', 'டவுன்' என்ற இரண்டு சொல்தான். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். பேச்செல்லாம் பதிவாகும், வேறு கதை கூடாது. விளங்கியதா என்று கேட்டார். அவளுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. விளங்கியது என்று கையெழுத்துப் போட்டாள். டவுன் தெரியாதா? வாராவாரம் சாமான் வாங்கப் போகிற டவுன்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு முன்னால் போன் அடித்தது.

"டவுன் எக எனவா." டவுன் வண்டி வருகிறது என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"டவுன், சேர்," என்று திருப்பிச் சொன்னாள்.

"ஹரி." சரி என்று வைத்துவிட்டார்.

டவுன் பக்கத்து வண்டி. பதினொரு நிமிஷம் இருக்கிறது. போன மழையில் பாதையில் விழுந்த மண்சரிவுக்குப் பிறகு எந்த வண்டியும் நேரத்துக்கு வருவதில்லை என்பதால் கடிகாரத்தைப் பார்த்தும் பிரயோசனமில்லை. அவள் நிதானமாக வெளியே வந்தபோது, தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகிற றிஸாத்தின் வேன் வந்து நின்றது.

"என்னக்கா, புதுக் கொடி, புதுச் சட்டம்! அடுத்த மாசம் நீங்கதான் ஜெனரல் மனேஜர் போல?"

"பேசாமப் போ தம்பி. புள்ளைங்களுக்கு நேரமாவுது."

கையைக் காட்டினாள். வேனின் முன்சக்கரம் தண்டவாளத்தில் ஏறியது. ஏறி, இஞ்சின் இருமி, நின்றது.

அப்போது கீழ் வளைவிலிருந்து ஹோர்ன் கேட்டது.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. சத்தம் தப்பான பக்கத்திலிருந்து வந்தது. காலடியில் சரளைக்கல் நடுங்குவதை உணர்ந்ததும் கொடியை விரித்துக்கொண்டு வளைவை நோக்கி ஓடினாள். "எடுடா! எடுடா வேன!" யாரையும் 'டா' போட்டுப் பேசாதவள். வேனுக்குள் ஒரு பிள்ளை சிரித்துக்கொண்டே அவளுக்குக் கை காட்டியது. றிஸாத் மறுபடி சாவியைத் திருகினான். இஞ்சின் பிடித்தது. வேன் துள்ளி அந்தப் பக்கம் போய் நின்றது. பிரேக் கதற, காற்று அவளைப் பக்கத்துப் புல்லில் தள்ள, வண்டி ஒரு ஆள் தூரத்தில் கடந்து மலைக்குள் போனது.

றிஸாத் இறங்கி வந்தான்.

"என்னக்கா செஞ்சீங்க? பதினாலு புள்ளைங்க!"

"டவுன் வண்டின்னாரு தம்பி. டவுன்லருந்து வர்றதுன்னு..."

அவன் அவளையே பார்த்தான். "அது கடைவீதி டவுன் இல்லக்கா. இங்கிலீசுல கீழ. எங்க மச்சான் ரயில்வேல இருக்காரு, சொல்லுவாரு. கொழும்ப உட்டுப் போற வண்டி எல்லாம் டவுன். நமக்கு அது கீழயிருந்து வரும்."

"கீழன்னா ஏன்டா மலை ஏறுது?"

வண்டி போன மலையை அவனும் பார்த்தான். இரண்டு பேருக்கும் ஒரு மாதிரி சிரிப்பு வந்து பாதியில் நின்றது. "நா யார்ட்டயும் சொல்ல மாட்டேன்," என்று முணுமுணுத்துவிட்டுப் போய் வேனில் ஏறினான்.

ரயில் டிரைவர் புகார் கொடுத்தாலும் பழி வேன் மேல்தான் விழும்; அவள் சொல்லாவிட்டால் காரணம் யாருக்கும் தெரியாது. போனில் பதிவாகியிருப்பது சரியான சொல். அவள் திருப்பிச் சொன்னதும் சரியான சொல். காகிதத்தில் ஒரு தப்பும் இல்லை. சொன்னால், தற்காலிக வேலைக்காரியை வீட்டுக்கு அனுப்ப ஒரு கடிதம் போதும். சொல்லாவிட்டால், அடுத்த கேட்டில் எவளாவது டவுன் என்றால் கடைவீதி என்று நினைத்துக்கொண்டு நிற்பாள். இரவு வேலைக்கு இதே கொட்டிலுக்கு வருகிற மூக்கையாவும் அப்படித்தான் கையெழுத்துப் போட்டவர்.

எட்டரைக்குப் போன் அடித்தது. எடுக்கக் கை வரவில்லை. ஐந்தாவது மணியில் எடுத்தாள்.

"அப் எக எனவா."

"அப், சேர்." பிறகு சிங்களத்தில் கேட்டாள்: "சேர், மேலயிருந்து வர்றதுதானே?"

வேறு கதை கூடாது. அவள் நிறுத்தவில்லை. "காலையில நான் அந்தச் சொல்லை டவுன் பக்கம்னு நெனச்சேன், சேர். ஸ்கூல் வேனை அனுப்பிட்டேன். தண்டவாளத்துல நின்னுச்சி. வேன் டிரைவர் மேல தப்பில்ல."

எங்கோ ஒரு மிஷின் அதையெல்லாம் பதிந்துகொண்டிருந்தது.

"பிள்ளைகள்?" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"தப்பிட்டாங்க, சேர்."

மிக மெதுவாக, "உடின், அம்மே," என்றார். "மேலயிருந்துதான்." போன் வைக்கப்பட்டது.

பதினொரு நிமிஷம் இருந்தும் அந்த நொடியே கம்பத்தை இறக்கினாள். கொஞ்ச நேரத்தில் மூன்று த்ரீவீலரும் ஒரு கொழுந்து லொறியும் சேர்ந்து ஹோர்ன் அடித்தன. "ஏய் வெள்ளையம்மா, தூங்கிட்டியா? வண்டியக் காணோமே!" என்று லொறிக்காரன் கத்தினான். அவள் கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, இரண்டு வளைவுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.