தட்டில் அவர் பக்கம்

நான் டவுணுக்கு இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறேன். சவுதியில் வேலை பார்க்கும் என் கணவரிடம் என்றைக்காவது போய்ச் சேர்ந்தால் உதவுமே என்ற ஆசைதான்.

அன்று மிஸ் ‘காம்ப்ரைஸ்’ என்ற சொல்லை நடத்தினார். “ஒண்ணுக்குள்ள யார் யார், என்னென்ன அடங்கியிருக்குன்னு சொல்லுத வார்த்தை. யாரையும் விட்டுறக் கூடாது” என்றார். அதை வைத்து, ‘எங்கள் குடும்பம் மூன்று பேர் அடங்கியது’ என்று இங்கிலீஷில் எழுதினேன். என் கணவரின் தாயான மாமி, நான், மகள். எழுதும்போது கை கூசவே இல்லை. மிஸ் சரி போட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சகன் என்கிற பெரிய தட்டில் நெய்ச்சோறு வைத்து, எங்கள் வழக்கப்படி அதைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட்டோம். நான் மாமியை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“ஏளா, பைய அங்கன தள்ளி உக்காரு. எடம் சும்மாத்தான கெடக்கு?” என்றார் மாமி.

“அது அவுக எடம், மாமி.”

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. மாமி ஒரு கறித்துண்டை எடுத்து அந்தப் பக்கம் வைத்தார்.

கை கழுவிவிட்டு, மிஸ் சரி போட்ட வாக்கியத்தில் மூன்றை அடித்து நான்கு என்று எழுதினேன். இப்போது யாரும் விடுபடவில்லை. அந்தப் பக்கச் சோறு மட்டும் அப்படியே ஆறிக் கிடந்தது.