வடலூர் சுற்றிப் போன ஸ்கேன் படங்கள்

இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. 2008இல் கடலூரில் ஒரு தனியார் ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. சிதம்பரத்தில் எங்களுக்கு ஒரு கிளை. அங்கே எடுக்கும் படங்கள் நெட்வொர்க் வழியாகக் கடலூருக்கு வரும். இங்கிருக்கும் டாக்டர் பார்த்து ரிப்போர்ட் சொல்வார். சிதம்பரத்தில் மெஷினை இயக்கியவள் ஒரு கடலோரக் குப்பத்துப் பெண். அவள் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள்தான்.

அந்த மழைக்காலத்தில் படங்கள் வந்து சேர்வதற்குள் நோயாளிகள் கத்த ஆரம்பித்துவிடுவார்கள். முதலாளி விசாரிக்கவே இல்லை. அந்தப் பெண் சரியில்லை என்று முடிவு கட்டிவிட்டார்.

“எடுத்த ஒடனே அனுப்பிடறேன்க்கா. பாதி போயி அப்படியே நிக்குது. நான் இன்னா பண்ணுவேன்?” என்று போனில் அழுதாள்.

ரவுட்டருக்குள் போய்ப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு இரண்டு வழி. ஒன்று, எங்களுக்கென்றே வாடகைக்கு எடுத்த, நேராக வரும் லீஸ்டு லைன். இன்னொன்று, புவனகிரி, வடலூர் என்று டவருக்கு டவர் தாவி வரும் ரேடியோ இணைப்பு. ஒவ்வொரு இணைப்புக்கும் ‘காஸ்ட்’ என்று ஓர் எண் உண்டு. வழியில் வரும் எண்களைக் கூட்டி, எந்த வழிக்குக் குறைவோ அதில்தான் ரவுட்டர் அனுப்பும். நேர் லைனுக்கு ஐம்பது. ரேடியோவுக்கு மூன்று தாவலும் சேர்ந்தே மூன்றுதான். ஏனென்றால் ரேடியோவைச் சொருகியிருந்தது வேகமான போர்ட்டில். போர்ட் வேகம் என்றால் வழியும் வேகம் என்று ரவுட்டர் தானாகக் கணக்குப் போட்டுக்கொண்டது. ரேடியோவின் நிஜ வேகமோ நேர் லைனில் பாதிகூட இல்லை. காற்றில் டிஷ் ஆடினால் அதுவும் போச்சு. முழுதாகச் செத்தாலாவது ரவுட்டர் நேர் லைனுக்கு மாறியிருக்கும். அது சாகவும் இல்லை, ஒழுங்காக ஓடவும் இல்லை. நேர்ப் பஸ் காலியாக நிற்க, எல்லாரையும் ஓட்டை வண்டியில் ஏற்றி வடலூர் சுற்ற வைத்த கதைதான்.

ரவுட்டருக்கு அறிவில்லை, விடுங்கள். அந்த எண்ணை மாற்றும் பாஸ்வேர்டை வைத்திருந்த நெட்வொர்க் இன்சார்ஜுக்கு என்ன கேடு?

“சார், ரேடியோ காஸ்ட்டை ஏத்திடுங்க. நேர் லைன்ல போவட்டும்.”

“ரெண்டு லைனும் நல்லாத்தான் இருக்குது. பச்சை லைட்டு எரியுது பாரு. அவ வேலை செய்யாததுக்கு நீ ஏம்மா வக்காலத்து வாங்குற?”

டவர் யோசனையே அவருடையது. அது உருப்படவில்லை என்று ஒத்துக்கொண்டால் கௌரவம் போய்விடும். முதலாளியிடம் போனேன். “இதெல்லாம் அவர்கிட்ட பேசிக்கம்மா” என்று திருப்பி அனுப்பினார்.

அடுத்த வாரம் அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். புதிதாக ஒருத்தி வந்தாள். வந்த அன்றைக்கே படங்கள் பறந்து வந்தன. எனக்குச் சந்தேகம் தட்டி ரவுட்டரைப் பார்த்தேன். ரேடியோ வழியின் காஸ்ட் முந்நூறு. யாருக்கும் சொல்லாமல் மாற்றியிருக்கிறார் மனுஷன். இது தெரியாமல் முதலாளி எல்லார் முன்னாலும் சொன்னார்: “ஆளை மாத்துனதும் எவ்ளோ ஸ்பீடு பாத்தீங்களா?”

எனக்கு ரத்தம் கொதித்தது. அங்கேயே நடந்ததைப் போட்டு உடைத்தேன். இன்சார்ஜ் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தார். “அப்ப அந்தப் பொண்ணைத் திரும்பக் கூப்புடுங்க சார்” என்றேன்.

“ஆள் போட்டாச்சேம்மா. இப்ப ஓடுதுல்ல? விடு” என்று முதலாளி எழுந்து போய்விட்டார். என்ன ஜென்மமோ!

சாயங்காலம் அவளுக்குப் போன் போட்டு, ஐம்பது, மூன்று, வடலூர் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். உன் மேல் ஒரு தப்பும் இல்லை என்றேன். பொறுமையாகக் கேட்டாள்.

“அக்கா, இதையே எங்கப்பாகிட்ட ஒருவாட்டி சொல்றீங்களா? வேலை நேரத்துல தூங்குனதாலதான் நிறுத்திட்டாங்கன்னு அவருகிட்ட சொல்லியிருக்காங்க. எங்கிட்ட அவரு பேசறதே இல்ல.”