மரக்கறிச் சட்டியும் நாலு குளிசையும்

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

மருந்தாளர் தர்மகுலம் அவர்கள் காலமான செய்தியை அவருடைய மகன் சென்ற செவ்வாய் காலை தொலைபேசியில் சொன்னார். "அப்பா மோசம் போயிட்டார் மாஸ்டர்" என்றவர், அடுத்த மூச்சிலேயே, முப்பத்தோராம் நாளில் அச்சடித்துக் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவு மலருக்கு நான்தான் அஞ்சலி எழுத வேண்டும் என்றார். "அப்பாவின்ர சட்டி முறையையும் விளக்கமா எழுதுங்கோ. சனத்துக்குப் பிரயோசனம்." நான் ஓம் என்றேன். எழுதியது இதுதான். இதை அவர்கள் அச்சடிக்க மாட்டார்கள்.

அவரைத் தெரியாதவர்களுக்காக: தர்மகுலம் அவர்கள் தண்ணீரூற்றைச் சேர்ந்தவர். வவுனியாவுக்கு வடக்கே ஒரு சிறிய வைத்தியசாலையில் நெடுங்காலம் மருந்து கொடுத்தார். நோயாளர் ஒவ்வொருவரின் பெயரும் அவருக்குப் பாடம். நன்றாகப் பேசுவார். தான் நன்றாகப் பேசுவது அவருக்கு நன்றாகத் தெரியும்.

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். ஒருமுறை அவரை வகுப்புக்கு அழைத்திருந்தேன். டைஹைட்ரோபோலேட் ரிடக்டேஸ் என்ற நொதியத்தை அவர் விளக்கியதுபோல வேறொருவர் விளக்கி நான் கேட்டதில்லை. கரும்பலகையில் கீறிக்கொண்டே சொன்னார்:

"நடுவில எட்டு இழை, கூரைத் தகரம் மாதிரி நெளிஞ்சு கிடக்கும். சுத்திவரச் சுருள். இடையில ஆழமா ஒரு வெடிப்பு. அதுக்குள்ள இருக்கிறதுக்கு ரெண்டு கதிரை எண்டு வையுங்கோ. ஒண்டில ஃபோலேட் வந்து இருக்கும். மற்றதில ஐதரசனைக் கொண்டுவாறவர். அவர் இவருக்கு ஐதரசனைக் கைமாத்துவார். வேலை அவ்வளவுதான். அந்தக் கைமாத்து நிண்டால் கலத்துக்கு டி.என்.ஏ கட்டேலாது. பெருக ஏலாது."

பிறகு மெதொட்ரெக்சேற் என்ற மருந்துக்கு வந்தார். "இவர் ஃபோலேட்டின்ர முகச்சாயலில வருவார். அதே கதிரையில இருப்பார். ஆனா மற்றப் பக்கம் திரும்பி இருப்பார். லேசில எழும்ப மாட்டார்."

"தேர்தலில வெண்டவர் மாதிரியா சேர்?" என்றாள் ஒரு மாணவி.

"அவர் அஞ்சு வருசத்தில எண்டாலும் எழும்புவார் பிள்ளை."

வகுப்பு சிரித்து அடங்க நேரம் எடுத்தது.

அதற்கு அடுத்த வருடம் என் மனைவி வசந்திக்கு மூட்டுவாதம் வந்தது. விரல் மடங்கவில்லை. வைத்தியர் அதே மெதொட்ரெக்சேற்றைக் குளிசையாகக் கிழமைக்கு ஒருநாள் மட்டும் எடுக்கும்படி எழுதினார். மருந்து கொடுக்கும் யன்னலில் தர்மகுலம் அவர்கள் நின்றார்.

"தங்கச்சி, உங்கட வீட்டில எண்டைக்கு மரக்கறி?"

"வெள்ளிக்கிழமை மட்டும்தான் அண்ணை. மற்ற நாள் மீன் இல்லாட்டி இவருக்குச் சோறு இறங்காது."

"அப்ப சரி. மரக்கறிச் சட்டி அடுப்பில ஏறுற அண்டைக்கு நாலு குளிசை. மீன் சட்டி ஏறினால் தொடக்கூடாது."

குளிசைப் பொதியில் ஒரு சட்டியைக் கீறி, பக்கத்தில் 4 என்று எழுதினார். எந்த நாள் என்று எழுதவில்லை. எல்லோருக்கும் அப்படித்தான். "சனம் நாளை மறக்கும் மாஸ்டர். சட்டியை மறக்குமோ?" என்றார். நானும் சிரித்தேன். கெட்டித்தனம் என்று பாராட்டவும் செய்தேன்.

ஆறு மாதம் சரியாக நடந்தது. பிறகு அம்மன் கோயிலில் கொடியேறியது. பத்து நாள் திருவிழா. எங்கள் குடியேற்றத்தில் அந்தப் பத்து நாளும் எந்த வீட்டிலும் மீன், இறைச்சி என்று மச்சம் காய்ச்ச மாட்டார்கள். எங்கள் வீட்டிலும் மரக்கறிச் சட்டி ஒவ்வொரு நாளும் அடுப்பில் ஏறியது. மூன்று மாதத்துக்கு ஒன்றாய்த் தந்த குளிசை கையில் இருந்தது; வசந்தி அவர் சொன்னதை அப்படியே செய்தாள். அவள் விழுங்குவதை நான் கண்டேன். பூசைக்கு ஓடும் அவசரத்தில் ஏன் என்று கேட்கவில்லை.

எட்டாம் நாள் வாயெல்லாம் புண். தண்ணீர் இறங்கவில்லை. நண்பர் என்பதால் முதலில் அவரிடம்தான் கூட்டிப்போனேன். வாயைப் பார்த்தார். எத்தனை குளிசை எடுத்தாள் என்று கேட்கவில்லை.

"சத்துக் குறைவு தங்கச்சி. ஃபோலிக் அமிலத்தைக் கூட்டிக் குடியுங்கோ. குளிசையை விடாதேங்கோ."

ஃபோலிக் அமிலம் உடம்புக்கு உதவ வேண்டுமென்றால் அதே நொதியத்தின் அதே வெடிப்புக்குள் போய் வரவேண்டும். அங்கேதான் கதிரை பிடிபட்டுக் கிடந்ததே. அவளுக்குத் தேவைப்பட்டது, அந்த நொதியம் இல்லாமலே பயன்படக்கூடிய ஃபோலினிக் அமிலம். அதுவும் உடனே. இந்த வித்தியாசத்தை என் வகுப்பில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டவர் தர்மகுலம் அவர்களே. இரண்டு நாள் கழித்துப் பெரியாஸ்பத்திரியில் அதைக் கொடுத்தபோது அவளுடைய இரத்தத்தில் வெண்குருதிக் கலங்கள் அநேகமாக இல்லை. பதின்மூன்றாம் நாள் இறந்தாள்.

செத்தவீட்டுக்கு வந்து அழுதார். உண்மையாகவே அழுதார். போகும்போது, "மரண விசாரணைக்குத் தேவைப்படும், நான் குடுத்துவிடுறன்" என்று குளிசைப் பொதியை வாங்கிக்கொண்டார். விசாரணை மேசையில் அதைத் திரும்பக் கண்டபோது, நீல மைச் சட்டிக்குப் பக்கத்தில் கறுப்பு மையில் "வெள்ளி மட்டும்" என்று இருந்தது.

விசாரணை அறைக்குள் போகுமுன் என்னிடம் மெதுவாகச் சொல்லியிருந்தார்: "மாஸ்டர், நொதியம் படிப்பிக்கிறவர் நீங்கள். கண்ணுக்கு முன்னால விழுங்கினதைப் பாத்துக்கொண்டு இருந்தது ஆர்? நானோ?"

அந்த எழுத்து முதலே இருந்ததா என்று அதிகாரி கேட்டார். இருந்தது என்றேன்.

பிறகு ஒவ்வொரு வருடமும் வசந்தியின் திவசத்துக்குத் தவறாமல் வந்தார். முதல் பந்தியில் இருந்து சாப்பிட்டார். ஒருமுறை, "கறி நல்லம், ஆனா தங்கச்சியின்ர கைப்பக்குவம் வராது" என்றார். சட்டி கீறுவதையும் அவர் நிறுத்தவில்லை. மற்றவர்கள் எப்படித் தப்பினார்கள் என்று எனக்குத் தெரியாது. தப்பினார்களா என்றும் தெரியாது.

வியாழக்கிழமை அவரை எரித்தோம். வெள்ளைச் சட்டை, பையில் அவருடைய பேனை, பிள்ளைகள் நெற்றியில் பூசிய திருநீறு. நித்திரையில் இருப்பவரைப் போல நிம்மதியாகக் கிடந்தார். அந்த முகத்தில் என்ன தேடினேனோ, அது இருக்கவில்லை.

செத்தவீட்டில் எங்கள் குடியேற்றத்துப் பாக்கியம் அக்காவைக் கண்டேன். போன மாதம்தான் அவவுக்கும் மூட்டுவாதத்துக்கு இந்தக் குளிசை தொடங்கியது.

"ஐயா போனாலும் சட்டி இருக்கு மாஸ்டர். அடுத்த கிழமை கொடியேறுது. பத்து நாளைக்கு நாப்பது வேணுமெண்டு, இதே குளிசை எடுக்கிற என்ர தங்கச்சியின்ர பொதியிலயும் வாங்கி வைச்சிட்டன்."

"அக்கா, கிழமைக்கு ஒருநாள்தான். மற்ற நாள் எடுத்தால் செத்துப்போவீங்கள்."

"ஐயா சொன்னதை நீங்கள் மாத்தாதேங்கோ. உங்களுக்கு அவரில பழைய கோபம் எண்டு ஊருக்கே தெரியும்."

கோபம்தான். அது உண்மை. திருவிழாவோ விரதமோ, கிழமைக்கு ஒருநாள் என்பதும் உண்மை.

தர்மகுலம் அவர்களே, போய்வாருங்கள். உங்கள் கெட்டித்தனத்தையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

இதை முகநூலில் எங்கள் ஊர்ப் பக்கத்தில் என் பெயர் போடாமல் பதிகிறேன். பெயரைப் போட்டால், பெயரை மட்டும் வாசித்து, பழைய கோபம் என்று விட்டுவிடுவார்கள். பெயர் இல்லாவிட்டால், எழுதியது யார் என்று கண்டுபிடிக்கவாவது முழுவதையும் வாசிப்பார்கள்.