முழங்கால் அளவுதான் தண்ணீர் என்று சொன்னேன்

வெள்ளம் வந்துபோன மறு வருடம் ஆனி மாதம், தூத்துக்குடியில் நடந்தது இது. நான் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். ஆறு மாதம் கடல், நாலு மாதம் வீடு என்று ஓடும் பிழைப்பு. கூட வேலை பார்த்தவர்கள் கையில் பணம் சேர்ந்ததும் மனை வாங்கினார்கள். நான் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். பெங்களூரில் ஒருவர் ஓட்டிய பழைய கார்தான். இரண்டே கதவு, தரையோடு தரையாகப் படுத்திருக்கும். அதற்குள் ஏறுவதில்லை, இறங்கத்தான் வேண்டும். விடிகாலையில் திருநெல்வேலி நாலுவழிச் சாலையில் அதை ஓட்டிவிட்டு வந்தால் ஆறு மாத இன்ஜின் ரூம் வெக்கை உடம்பிலிருந்து இறங்கிப் போகும்.

அந்த ஆனியில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். வலியில் துடிப்பவரை அந்தக் காருக்குள் எப்படி மடக்கி வைப்பது? பக்கத்து வீட்டு அண்ணாச்சி, உப்பு மூட்டை ஏற்றும் தன் குட்டியானை லோடு வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். அம்மாவை மெத்தையோடு தூக்கி அதில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஆபரேஷன் முடிந்து வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்த பிறகும், பிசியோதெரபிக்கு ஆட்டோவில்தான் போய்வந்தார். ஷெட்டில் என் கார் துணி போர்த்தி நின்றது.

விற்றுவிடலாம் என்று நான் சொன்னபோது அம்மா தடுத்தார். "ஏலே, எனக்கு ஆட்டோவே சௌரியமாத்தான் இருக்கு. ஆசைப்பட்டு வாங்குனத விக்காத."

அதற்குப் பிறகு அதை வைத்திருக்க முடியவில்லை.

ஆனாலும் ஆசை முழுதாக விடவில்லை. நாலு கதவு வேண்டும், அம்மா குனியாமல் உட்காரும் உயரத்தில் சீட் வேண்டும், வாக்கரை வைக்கப் பின்னால் இடம் வேண்டும். அதே சமயம் மிதித்தால் பாயவும் வேண்டும். சின்ன உடம்பில் பெரிய மூச்சு உள்ள டர்போ ஹேட்ச்பேக்குகள் சில உண்டு. புதிதாக வாங்க வசதியில்லை. அதனால் கைமாறிய வண்டியாகத் தேடினேன்.

அதற்கு முன்பாகவே என் கார் விலைபோய்விட்டது. அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

வெள்ளம் வந்த டிசம்பரில் நான் கடலில் இருந்தேன். மனைவியும் அம்மாவும் மாடிக்கு ஏறிக்கொண்டார்கள். கார் கீழே ஷெட்டில் நின்றது. எங்கள் தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீர், வீட்டுப் படியோடு நின்றுவிட்டது. சாதாரணக் காருக்கு அது டயரோடு போயிருக்கும். என் கார் தரையோடு கிடப்பது. அதற்கு அந்தத் தண்ணீர் சீட் வரை. சித்திரையில் லீவில் வந்து நானே பிரித்து, உலர்த்தி, ஓட வைத்தேன். ஒன்று மட்டும் சரியாகவில்லை. வண்டி மோதினால் ஏர்பேக்கை விரிய வைக்கும் சின்னப் பெட்டி ஒன்று இரண்டு சீட்டுக்கும் நடுவே தரையோடு இருக்கும். அது செத்துப்போயிருந்தது. டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தது. மாற்றுப் பெட்டி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அடுத்த லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த விளக்கின் வயரை இன்னொரு விளக்கோடு சேர்த்துவிட்டேன். சாவி போட்டால் எரியும், இன்ஜின் ஓடியதும் அணைந்துவிடும். பார்க்கிறவருக்கு எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலத் தோன்றும். கப்பலில் ஒரு அலாரத்தை இப்படி அமுக்கி வைத்தால் அடுத்த துறைமுகத்திலேயே இறக்கி விட்டுவிடுவார்கள். சொந்தக் காரில் செய்தபோது உறுத்தவே இல்லை.

வாங்க வந்தவர் பாஞ்சாலங்குறிச்சிக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர். செல்போன் கடை வைத்திருக்கிறார், முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். பள்ளிக்கூடத்து நோட்டு அட்டையில் இதே காரின் படத்தை ஒட்டி வைத்திருந்தாராம். சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணாச்சி, வெள்ளத்துல நின்ன வண்டியா?"

"எங்க தெருவுல முழங்கால் அளவுதான் தண்ணி. வீட்டுக்குள்ள ஏறல" என்றேன்.

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவர் திருப்தியாகத் தலையாட்டினார். அந்த ஞாயிற்றுக்கிழமையே வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

நான் என் வண்டியைத் தேடக் கிளம்பினேன். ஒரு டார்ச், ஒரு கைக்கண்ணாடி, சீட் உயரத்தை அளக்க டேப். முதலில் பார்த்தது ஒரு பழைய கார் விற்பனை இடத்தில். வெளியே கண்ணாடிபோல இருந்தது. மிதியடியைத் தூக்கினால் ஓரத்தில் மாவு போல வண்டல். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன், பழுப்பாக ஒரு கோடு. விற்பவரைப் பார்த்து, "தண்ணியில முங்குன வண்டிய இப்படிப் பூசி விக்கிறீங்களே, இதெல்லாம் ஒரு பொழப்பா?" என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "அண்ணாச்சி, ஊரே முங்குச்சி. வண்டி மட்டும் எங்கன போவும்?" என்றார்.

வீட்டுக்கு வந்து அவரை மனைவியிடம் திட்டித் தீர்த்தேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. அன்றைக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

அடுத்தது வேம்பாரில் ஒன்று. உப்புக் காற்றில் அடிப்பாகம் அப்பளமாய் உதிர்ந்தது. வேண்டாம் என்று திரும்பிவிட்டேன்.

மூன்றாவது வண்டி ஏரலில் இருந்தது. சனிக்கிழமை காலை மனைவியின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். விற்பவர் உரக்கடை நடத்தும் ஒரு அக்கா. ஐம்பது வயது இருக்கும். அந்தப் பாயும் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவர் அவருடைய பிள்ளைகள் யாராவது என்று நினைத்திருந்தேன்.

"நாந்தான் ஓட்டுதேன். எனக்கு வேகம் புடிக்கும்" என்றார் சாதாரணமாக. வெள்ளத்தில் கடைச் சரக்கெல்லாம் போய்விட்டதாம். இனி வாடகை வண்டி கட்டுப்படியாகாது, சொந்தமாக ஒரு லோடு வண்டி வாங்கத்தான் இதைக் கொடுக்கிறாராம்.

ஓட்டிப் பார்த்தேன். ஏரலிலிருந்து வாழைத் தோட்டங்களின் ஓரமாகப் போகும் சாலையில் மூன்றாவது கியரில் ஒரு மிதி மிதித்தேன், முதுகு சீட்டோடு ஒட்டியது. இதுதான் என்று மனம் சொல்லிவிட்டது. திரும்பி வந்து கதவைத் திறந்து, தரையிலிருந்து சீட் வரை டேப் வைத்து அளந்தேன். அம்மாவுக்கு அளவெடுத்ததுபோல இருந்தது.

அக்கா பார்த்துக்கொண்டே நின்றார். "எதுக்கு தம்பி இத அளக்கீங்க?"

"எங்க அம்மாவுக்கு இடுப்புல ஆபரேஷன். குனிஞ்சி உக்கார முடியாது. அவங்களுக்காகத்தான் பார்க்கேன்."

அவர் டேப்பையும் என்னையும் பார்த்தார். பிறகு சாவியை வாங்கித் திருகி இன்ஜினை ஓட விட்டு, டாஷ்போர்டைக் காட்டினார். ஓரத்தில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு. ஓட்டும் ஆசையில் நான் அதைக் கவனித்திருக்கவில்லை.

"இந்தா எரியுது பாத்தீங்களா, ஏர்பேக்கு வேல செய்யாது. ரெண்டு நாள் தண்ணிக்குள்ள நின்ன வண்டி இது. இன்சூரன்ஸுல கேக்கல, அதனால எந்தப் பேப்பர்லயும் இருக்காது. இதுக்கு முன்னால நாலு பேரு வந்தாங்க, கேட்டதும் போய்ட்டாங்க."

"அப்ப ஏன்க்கா சொல்லுதீங்க?"

"நீங்க உங்கம்ம உக்காருத எடத்த அளந்துக்கிட்டு இருக்கீங்க. நான் வாய மூடிக்கிட்டு நிக்க முடியுமா?" பிறகு, "மெக்கானிக் ஒருத்தரு வெளக்க மறைச்சித் தாரேம்னாரு. அது வேண்டாம்னுட்டேன். யாரு புள்ள உக்காந்து போவுமோ, நமக்குத் தெரியுமா?" என்றார்.

நான் வயரை மாற்றிவிட்ட விளக்கு ஞாபகம் வந்தது. அவர் யாரையும் குத்திக் காட்டவில்லை. என் கதை அவருக்குத் தெரியவும் தெரியாது. மோர் கொண்டுவரச் சொல்கிறேன் என்றார். அப்புறம் பேசுகிறேன் என்று ஏதோ உளறிவிட்டு வெளியே வந்தேன்.

கடைக்கு எதிரிலேயே நின்று பாஞ்சாலங்குறிச்சிக்காரருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன், எடுக்கவில்லை. கார் கொடுத்து ஆறு நாள் ஆகியிருந்தது. அந்த ஆறு நாளில் அவர் எத்தனை தடவை அதை மிதித்து ஓட்டியிருப்பார் என்று எனக்குத் தெரியும். நானே அப்படித்தான் ஓட்டினேன்.

ஏரலிலிருந்து தூத்துக்குடி வந்து, அங்கிருந்து நேராகப் பாஞ்சாலங்குறிச்சி பாதையில் போனேன். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி மறுபடியும் போன் போட்டேன். உச்சி வெயிலில் கோட்டையைத் தாண்டி, விசாரித்து அவர் வீட்டைக் கண்டுபிடித்தபோது வாசலில் கார் இல்லை.

அவர் மனைவி வெளியே வந்தார். "பிள்ளையக் கூட்டிக்கிட்டு வேம்பாருக்கு எங்க மதினி வீட்டுக்குப் போயிருக்காவ. போன இங்கனயே வச்சிட்டுப் போயிட்டாவ. இப்ப வந்துருவாவ, உக்காருங்க" என்று பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, செம்பில் தண்ணீர் கொடுத்தார்.

முன் சீட்டில் ஒரு குழந்தை. கடற்கரைச் சாலை. அங்கே பஸ்கள் வரும் வேகம் எனக்குத் தெரியும். ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோய்க் கப்பல் அலையில் உருண்ட நாட்கள் உண்டு. அப்போதுகூட இவ்வளவு பயந்ததில்லை. அங்கே செய்வதற்கு ஏதாவது வேலை இருக்கும். இங்கே காதைத் தீட்டிக்கொண்டு இருப்பதைத் தவிர எதுவும் இல்லை.

கடைசியில் தூரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. பார்ப்பதற்கு முன்பே என் கார் என்று தெரிந்துவிட்டது. வாசலில் வந்து நின்றதும், ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று முன் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு இறங்கி உள்ளே ஓடியது.

என்னைப் பார்த்ததும் அவர் சிரித்தார். "வாங்க அண்ணாச்சி, வண்டியப் பாக்க வந்தீங்களா? விட்டுப் பிரிய முடியலியோ?"

நின்றபடியே சொன்னேன். எதையும் விடவில்லை. ஷெட்டில் தண்ணீர் சீட் வரை நின்றது, பெட்டி செத்தது, விளக்கின் வயரை என் கையால் மாற்றியது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போகவில்லை. புரியப் புரியக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது.

"நான் அன்னைக்கிக் கேட்டேம்லா?"

"கேட்டீங்க."

"முழங்காலுன்னு சொன்னீங்க."

"ஆமா."

அவர் காரைப் பார்த்தார். பிறகு வீட்டு வாசலைப் பார்த்தார். அங்கே அவர் மனைவி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். உள்ளே திரும்பிப் போனார்.

"எம்பிள்ள ஒரு வாரமா முன்னாடிதான் உக்காந்து வருது" என்றார் அவர். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சாவியை நாற்காலியின் மேல் வைத்தார், என் கையில் தரவில்லை. "பணத்த நாளைக்குக் கொண்டாந்து குடுங்க. வண்டிய இப்பமே எடுத்துருங்க. எங்க வாசல்ல நிக்கப்பிடாது."

ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டுக் காரை எடுத்தேன். பக்கத்து சீட்டில் குழந்தையின் ஹேர் கிளிப் ஒன்று கிடந்தது. நாற்பதுக்கு மேல் போகாமல் வீடு வந்து சேர்ந்தேன்.

அன்று சாயங்காலமே மனைவியிடம் சொன்னேன். கார் வெள்ளத்தில் நின்றது அவளுக்குத் தெரியும், விளக்கு விஷயம் தெரியாது. துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"நானும் அதுலதானே வந்தேன்?" என்றாள்.

எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. அந்த லீவு முழுக்க அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டியிருக்கிறேன். அவள் மடித்த துணியை எடுத்துக்கொண்டு அம்மாவின் அறைக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் பேசவும் இல்லை.

மறுநாள் பணத்தோடு பஸ்ஸில் பாஞ்சாலங்குறிச்சி போனேன். அவர் வெளியே வரவில்லை. மனைவிதான் வந்து வாங்கிக்கொண்டு ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்தார். ஹேர் கிளிப்பை நீட்டினேன். அதையும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

ஏரல் அக்காவிடம் நாலு நாள் கழித்துப் போனேன். என் கதையைச் சொல்லிவிட்டுத்தான் விலை பேசினேன். கேட்டுவிட்டு, "போய்ச் சொல்லிட்டீங்கல்லா" என்றார், அவ்வளவுதான். தெரிந்த ஒரு மெக்கானிக்கை வைத்து அந்த வண்டியை முழுதாகப் பிரித்தோம். வயரிங், சீட் பெல்ட், ஏர்பேக் பெட்டி எல்லாம் புதிதாக மாற்றி, விளக்கு தானாக அணையும்வரை வேலை நடந்தது. இரண்டு மாதம் ஆனது, ஒரு கப்பலையும் தவற விட்டேன். ஸ்போர்ட்ஸ் காரில் விளக்கை மறுபடியும் எரிய வைத்து, உள்ளதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பந்தயக் கார் கட்டும் கோயம்புத்தூர் பட்டறை ஒன்றுக்குக் கொடுத்தேன். முதலில் விற்ற விலையில் பாதிதான் கிடைத்தது.

அம்மா இப்போது யார் கையையும் பிடிக்காமல் முன் சீட்டில் ஏறி உட்கார்கிறார். சில சமயம் நாலுவழிச் சாலையில் நான் மிதிக்கும்போது, "மெள்ளப் போலே" என்கிறார்.

பாஞ்சாலங்குறிச்சிக்காரர் பிறகு என்னிடம் பேசவே இல்லை. ஒரு தடவை பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் எதிரே வந்தார், பார்த்தும் பார்க்காததுபோலப் போய்விட்டார். அது சரிதான் என்றே நினைக்கிறேன். யாராவது என்னிடம் ஒன்றைக் கேட்டால் இப்போதெல்லாம் சட்டென்று பதில் வருவதில்லை. நான் சொல்லப்போவது பொய்யா மெய்யா என்று பார்ப்பதற்கு முன்னால், இவர் எதைத் தெரிந்துகொள்ளக் கேட்கிறார், இவர் பக்கத்தில் யார் உட்காரப் போகிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.