மூன்று ஏக்கர் நாட்டின் சட்டசபை

குன்னம் பக்கம் தன் மூன்று ஏக்கர் மக்காச்சோளக் காட்டைத் தனி நாடாக அறிவித்திருந்தவரை, சிரித்துவிட்டு வரலாம் என்றுதான் பார்க்கப் போனேன். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் சுண்ணாம்புக்கல் குவாரிக்கு நிலத்தை விற்றிருந்தார்கள். மெலிந்த மனிதர். சபையில் பேசுமுன் சட்டையின் மேல் பித்தானைப் போட்டுக்கொள்வார்.

அறுவடைக்கு வந்தவர்களுக்குத்தான் அங்கே ஓட்டு. அந்த வருடம் வந்தது அவரும் மனைவியும் மட்டுமே. “மூணாவது உறுப்பினரா உங்கள ஜெயிக்க வச்சுட்டோம் சார்,” என்றார். என் வாழ்க்கையின் ஒரே வெற்றி அது.

காட்டை விற்கக் கூடாது என்பது மசோதா. ஒரு ஓட்டு எதிராக விழுந்தாலும் சட்டமாகாது. சம்மதமென்றால் சொம்பில் சோளம், இல்லையென்றால் பருத்திக்கொட்டை. எதிர்க்கட்சி இல்லாமல் ஒரு சபையா என்று நான் பருத்திக்கொட்டையைப் போட்டேன்.

கொட்டிப் பார்த்தவர், “தோத்துப்போச்சுங்க,” என்றார்.

“வெளையாட்டுக்குப் போட்டேங்க. மறுபடி போடுவோம்.”

“வெளியிலதான் சொன்ன சொல்லு நிக்க மாட்டேங்குது. இங்கயுமா சார்?”

அவர் மனைவி என்னைப் பார்த்து, “வெளையாட வேற எடமே கெடைக்கலையா?” என்றார்.

கணவர் சட்டையின் மேல் பித்தானைக் கழற்றினார். அடுத்த வாரம் குவாரிக்காரர்களுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இப்போது அரியலூர் பஸ் அந்தக் குவாரிப் பள்ளத்தைத் தாண்டும்வரை நான் கண்டக்டரிடம்கூட ஜோக் அடிப்பதில்லை. என்னைப் போய் ஏன் ஜெயிக்க வைத்தார் என்பதுதான் இன்னும் புரியவில்லை.