பத்தியமும் மூன்று குழாய்களும்

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை முழுக்கக் குடுமியான்மலைப் பக்கம் சாலை போடும் கூட்டத்தோடு கல் உடைத்தேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஓர் ஊரில் ஒரு வருடம் சேர்ந்தாற்போல் தங்கியதில்லை. நாளெல்லாம் வேர்வையில் கிடந்ததில் இடுப்பைச் சுற்றிப் படர்தாமரை வந்தது. அரிப்புத் தாங்காமல் சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சொறிவேன்.

சந்தையில் தகர டப்பாவில் களிம்பு விற்பவர் ஒருவர் இருந்தார். வாங்கித் தடவினேன். கருவாடும் கத்திரிக்காயும் கூடாது என்று பத்தியம் சொல்லியிருந்தார். எங்களுக்குச் சமைத்தவர் ஆவூர்க்கார அக்கா ஒருவர். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகளையும் அந்தக் கூலியில்தான் வளர்த்தார். எனக்கென்று தனிச் சட்டியில் ரசம் வைத்துக் கொடுப்பார். வெறும் ரசச் சோற்றைத் தின்றே கல் உடைத்தேன். படர்தாமரையோ முதுகுக்கு ஏறியது. கூட்டத்தில் இன்னும் சிலருக்கும் தொற்றியது.

மேஸ்திரி என்னைக் களிம்புக்காரரிடம் இழுத்துப் போனார். அவர் என் முதுகைப் பார்த்துவிட்டு, "இது கருவாடு தின்ன ஒடம்பாச்சே" என்றார்.

நான் தொடவே இல்லை என்றேன்.

"அப்ப ஆக்கிப் போடுற ஆளக் கேளுங்க. கருவாட்டுக் கரண்டிய ரசத்துல விட்டுருக்கும். என் மருந்து என்ன செய்யும்?"

மேஸ்திரி அன்றைக்கே அக்காவை நிறுத்திவிட்டார். "மாதா சத்தியமா நான் கலக்கலங்க" என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆவூருக்குப் போய்விட்டார்.

அதன்பிறகு எனக்கு அங்கே சோறு இறங்கவில்லை. தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் தோல் வியாதிக்குக் காசு வாங்காமல் பார்க்கிறார்கள் என்று கல் ஏற்ற வந்த லாரிக்காரர் சொன்னார். அவர் லாரியிலேயே ஏறிவிட்டேன்.

அங்கிருந்த டாக்டரம்மா என் இடுப்புத் தோலைக் கத்தி முனையால் லேசாகச் சுரண்டி எடுத்தார். என்ன போட்டேன் என்று கேட்டார். டப்பாவை நீட்டினேன். அதிலும் கொஞ்சம் வழித்துக்கொண்டு, சில வாரம் கழித்து வரச் சொன்னார். அதுவரை ஒரு செங்கல் சூளையில் மண் மிதித்தேன்.

திரும்பப் போனபோது மூன்று கண்ணாடிக் குழாய்களைக் காட்டினார். என் தோலில் இருந்த பூஞ்சையை மூன்றிலும் விதைத்தாராம். பூஞ்சைக்கான தீனி மட்டும் வைத்த குழாயில் அது பஞ்சுபோல வெள்ளையாக வளர்ந்திருந்தது. களிம்பைக் கலந்த குழாயிலும் அதே பஞ்சு, கொஞ்சமும் குறைவில்லாமல். புதிதாக வந்த மாத்திரை ஒன்றைப் பொடித்துக் கலந்த குழாயில் மட்டும் எதுவும் முளைக்கவில்லை.

நான் பத்தியத்தைப் பற்றிக் கேட்டேன்.

"இந்தக் குழாய் என்ன கருவாடா தின்னுச்சு?" என்றார் அவர்.

அந்த மாத்திரைகளை வாங்கிக்கொண்டு நேரே ஆவூருக்குப் போனேன். அக்கா யாருடைய கடலைக் கொல்லையிலோ களை பறித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் நிமிரக்கூட இல்லை.

"நான் கலக்கலங்கிறது எனக்குத் தெரியாதா தம்பி? தெரியாதவுகள்ட்டப் போய்ச் சொல்லுங்க."

போனேன். சாலை போடும் இடத்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். மூன்று குழாய்களின் கதையைச் சத்தமாகச் சொன்னேன். "குழாய்க்கு வாயா இருக்கு, வயிறா இருக்கு? அதுக்கு ஏதுடா பத்தியம்?" என்றார் மேஸ்திரி. எல்லோரும் சிரித்தார்கள். அவர் கழுத்திலும் படர்தாமரை. அதன்மேல் அதே களிம்பு.

நான் நகராமல் நிற்பதைப் பார்த்து, "சரி, நெசமாவே இருக்கட்டும். ஆக்குறதுக்குத்தான் வேற ஆளு வந்துருச்சே. இப்ப என்னைய என்ன செய்யச் சொல்றே?" என்றார்.

மாத்திரையில் எனக்குக் குணமாகிவிட்டது. பட்டினி கிடந்த ஊர்களையெல்லாம்கூட மறந்துவிட்டேன். ஆனால் மருந்து கேட்கவில்லை என்று வருகிற நோயாளியிடம் யாராவது சாப்பாட்டு விசாரணையை ஆரம்பித்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அந்த விசாரணையில் தப்பித்துப் போகிறவர் யார், பிழைப்பை இழக்கிறவர் யார் என்று கண்ணால் பார்த்தவன் நான்.